எந்த மனிதரைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

கால்கள் நட்டு உயரத்தில் கட்டிய தானியக் களஞ்சியம் ஒன்று சரிந்து விழுகிறது. வெயிலுக்கு ஒதுங்கி அதன் அடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காயம். கால்களைக் கரையான் அரித்துவிட்டது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர்கள் கேட்பது அதற்கு அடுத்த கேள்வியை. இத்தனை காலம் நின்ற களஞ்சியம், இவர்கள் அடியில் இருந்த நேரம் பார்த்து ஏன் விழுந்தது? யாரோ ஒருவருடைய சூனிய சக்தி வேலை செய்திருக்கிறது என்பது அவர்கள் பதில்.

இது அசாண்டே மக்கள் வாழும் நிலத்தில், இன்றைய தெற்கு சூடான் பகுதியில், சில வேளைகளில் நடப்பதாக ஆங்கிலேய மானுடவியலாளர் இவான்ஸ்-பிரிச்சர்ட் எழுதியது. 1920-களின் பிற்பகுதியில் அங்கே போய்த் தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, 1937-ல் நூலை வெளியிட்டார். அவர்கள் சொல்லும் சூனியம் நம்மூர்ச் செய்வினை போன்றதில்லை. மந்திரம் வேண்டாம், பொம்மை வேண்டாம். சிலருடைய வயிற்றுக்குள் பிறவியிலேயே இருக்கும் ஒரு பொருள் அது. பொறாமையும் பகையும் சேரும்போது புறப்பட்டுப் போய் அடுத்தவரைத் தாக்கும். அப்படித் தாக்கியது யார் என்று அறிய ஒரு கோழிக்கு நஞ்சு கொடுத்து, அது பிழைக்கிறதா சாகிறதா என்று பார்ப்பார்கள்.

விபத்து நடந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கும் எவருக்கும் இந்த இரண்டாவது கேள்வி அந்நியமாகத் தோன்றாது. பிரேக் பிடிக்கவில்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டு போகும். நேரம் சரியில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு பேச்சும் ஒரே கூடத்தில் நடக்கும். ஒன்றை ஒன்று மறுப்பதாக யாரும் நினைப்பதில்லை.

தத்துவத்தையும் மானுடவியலையும் ஒரே பட்டத்தில் சேர்த்துப் படிப்பது எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் களஞ்சியத்தைத்தான் காட்டுவேன். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் இந்த இரண்டையும் இணைத்து நான்காண்டுப் பட்டமே உண்டு. நம் ஊரில் இரண்டும் தனித்தனித் துறைகளாக இருக்கின்றன, ஒன்றின் மாணவர் மற்றதன் வகுப்பில் உட்காருவது அபூர்வம். இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

இருவரிடமும் பாதிக் கருவிகள்

1964-ல் பீட்டர் வின்ச் என்ற பிரிட்டிஷ் தத்துவ ஆசிரியர் அசாண்டே நூலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இவான்ஸ்-பிரிச்சர்ட் அந்த மக்களை முட்டாள்களாகக் காட்டவில்லை, அவர்கள் சிந்தனை எவ்வளவு ஒழுங்கானது என்று பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறார். அவர்களோடு இருந்தபோது தன் வீட்டுக் காரியங்களையும் நஞ்சுச் சோதனையைக் கேட்டே நடத்தியதாகவும், அது ஒன்றும் மோசமான முறையில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆனாலும் ஒரு கட்டத்தில், சூனியக்காரர்கள் உண்மையில் இல்லை, அறிவியல் சொல்வதே உள்ளதோடு பொருந்துகிறது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். வின்ச் அந்த இடத்தில் பிடித்தார். உள்ளது எது, இல்லாதது எது என்ற வேறுபாடே ஒரு மொழிக்குள், ஒரு வாழ்முறைக்குள்தான் பொருள் பெறுகிறது. அப்படியிருக்க எந்த இடத்தில் நின்றுகொண்டு நீங்கள் அளக்கிறீர்கள்?

வின்ச் எடுத்துக்கொண்ட இன்னோர் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. சூனியப் பொருள் தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வரும் என்கிறார்கள். இறந்தவரின் வயிற்றைத் திறந்து பார்த்து அது இருந்ததா இல்லையா என்று சொல்லும் வழக்கமும் உண்டு. அப்படியானால், ஒருவரிடம் அது இருந்தது என்று தெரிந்தால் அந்தக் குலத்து ஆண்கள் அத்தனை பேரும் சூனியக்காரர்கள் ஆகிவிடுவார்களே. கணக்கு அப்படித்தான் வருகிறது. அசாண்டே மக்கள் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. அதைப் போடும் ஆர்வமே அவர்களுக்கு இல்லை என்கிறார் மானுடவியலாளர். அந்தக் கணக்கை அவர்கள் மேல் போடச் சொல்லி வற்புறுத்துவதே நம் தவறு, அவர்கள் அங்கே ஒரு கோட்பாட்டைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்கிறார் தத்துவவாதி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வின்ச் அசாண்டே ஊர்களில் களப்பணி செய்தவரில்லை. அவருடைய வாதத்துக்கு வேண்டிய ஒவ்வொரு செய்தியும் இன்னொருவர் பல மாதங்கள் தங்கிச் சேகரித்தது. மறுபக்கம், சூனியக்காரர் இல்லை என்று இவான்ஸ்-பிரிச்சர்ட் எழுதியது ஒரு தத்துவ முடிவு. அதை அவர் வாதம் ஏதுமின்றி, போகிற போக்கில் சொல்லிவிட்டார். இருவரும் அடுத்தவர் வேலையைத் தொட வேண்டியிருந்தது, இருவரிடமும் பாதிக் கருவிகளே இருந்தன. அந்த விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. மக்கின்டயர், நைஜீரியாவில் வாழ்ந்து எழுதிய ராபின் ஹார்ட்டன், ஸ்டீவன் லூக்ஸ், எர்னஸ்ட் கெல்னர் என்று பலர் சேர்ந்துகொண்டார்கள். 1970-ல் பிரையன் வில்சன் அந்தக் கட்டுரைகளில் முக்கியமானவற்றைப் பகுத்தறிவு பற்றிய ஒரே தொகுப்பாக்கினார். பெரியாரைப் படித்து வளர்ந்த தமிழ் மாணவர் அந்தத் தொகுப்பைத் திறந்தால் நெஞ்சு துடிக்காமல் இருக்காது. அவரவர் நம்பிக்கைக்கு அவரவர் உலகில் ஒரு நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டால், தீண்டாமைக்கும் அதன் உலகில் ஒரு நியாயம் உண்டு என்றாகிவிடாதா?

இந்தக் கேள்விக்கு நேரே வந்தவர் கெல்னர்.

இரண்டு நாற்காலிகளில் ஒருவர்

எர்னஸ்ட் கெல்னர் 1925-ல் பாரிஸில் பிறந்து பிராகில் வளர்ந்த யூதர். போருக்கு முன் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், லண்டன் பொருளியல் பள்ளியில் ஆசிரியரானார். அன்றைய ஆக்ஸ்ஃபோர்டு தத்துவம், அன்றாடச் சொற்களை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று நுணுகிப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டிருந்தது. ஒரு சிறு வட்டத்தின் பேச்சுப் பழக்கத்தை மனித அறிவின் எல்லையாகக் கொள்கிறீர்கள் என்று 1959-ல் கெல்னர் ஒரு நூல் முழுக்கச் சாடினார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அதற்கு முன்னுரை தந்தார். 'மைண்ட்' இதழின் ஆசிரியர் கில்பர்ட் ரைல் அந்த நூலுக்கு மதிப்புரை வெளியிட மறுத்தார். ரஸ்ஸல் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கண்டனக் கடிதம் எழுத, அந்தப் பத்திரிகையில் கடிதப் போர் மூண்டது.

அதே ஆண்டுகளில் கெல்னர் மொராக்கோவின் அட்லஸ் மலையில் பெர்பர் மக்களிடையே களப்பணியும் செய்துகொண்டிருந்தார். மானுடவியலில் முனைவர் பட்டம் 1961-ல் கிடைத்தது. முதலில் லண்டனில் தத்துவப் பேராசிரியர், 1984 முதல் கேம்பிரிட்ஜில் சமூக மானுடவியல் பேராசிரியர். இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்தவர்கள் அரிது.

1962-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை இந்த இணைப்புப் படிப்பின் முதல் பாடமாக வைக்கலாம். வேற்றுச் சமூகத்தின் ஒரு கருத்து முரணாகத் தெரிந்தால், அதன் சூழலைச் சேர்த்துப் பார்த்து நல்லபடியாகப் பொருள்கொள்வது மானுடவியலாளரின் வழக்கம். அந்தப் பெருந்தன்மையில் ஓர் ஆபத்து இருக்கிறது என்றார் கெல்னர். அதற்காக ஒரு கற்பனைக் கருத்தையே படைத்துக் காட்டினார். நற்குணம் உடையவர்களைக் குறிக்கும் ஒரு சொல், அதே சமூகத்தில் குறிப்பிட்ட பதவியில் இருப்பவர்களையும் குறிக்கிறது. குணத்துக்குரிய மரியாதை பதவிக்கும் வந்துவிடுகிறது, நடத்தையில் அந்தக் குணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்த முரண்தான் அந்தச் சொல்லின் வேலையே. முரணை நாம் கனிவோடு சரிசெய்து வாசித்துவிட்டால், அந்தச் சமூகத்தில் யார் யாரை எப்படி ஆள்கிறார்கள் என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

சாதிச் சமூகத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிறப்பையும் ஒழுக்கத்தையும் ஒன்றாக முடிந்துவைத்து ஆண்ட மண் இது. தர்க்கத்தில் முரணைக் கண்டுபிடிக்கத் தத்துவம் வேண்டும். அந்த முரணால் யாருக்கு லாபம் என்று காண அந்த ஊரில் போய் இருக்க வேண்டும்.

வீட்டை விட்டுப் போனவர்கள்

மானுடவியலின் பெரிய பெயர்களில் பலர் தத்துவத்திலிருந்து வந்தவர்கள். டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கிக் களப்பணிக்கே இலக்கணம் வகுத்த மாலினோவ்ஸ்கி, போலந்தின் க்ராக்கோவில் 1908-ல் பட்டம் பெற்றது அறிவியல் தத்துவத்தில். லெவி-ஸ்ட்ராஸ் பள்ளியில் தத்துவ ஆசிரியராக இருந்து அலுத்து, 1935-ல் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார். பூர்தியூவை அல்ஜீரியப் போர் மாற்றியது. தெஸ்கோலா தத்துவம் படித்துவிட்டு அமேசான் காட்டில் அச்சுவார் மக்களிடம் போனார். ஒவ்வொருவர் கதையும் தனிக் கட்டுரைக்கு உரியது.

கிளிஃபர்ட் கீர்ட்ஸிடம் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையிலிருந்து திரும்பி, முன்னாள் வீரர்களுக்கான அரசு உதவியில் தத்துவத்தில் இளங்கலை முடித்து, பிறகு மானுடவியலுக்கு வந்தவர். ஜாவா, பாலி, மொராக்கோ என்று களப்பணி செய்தவர். 1973-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையத்தில் ஒரு கண் சிமிட்டல் இருக்கிறது. இரண்டு சிறுவர்களின் வலக் கண் இமை படக்கென்று மூடித் திறக்கிறது. ஒருவனுக்கு அது தானாகத் துடித்தது. மற்றவன் நண்பனுக்கு ஜாடை காட்டினான். கேமராவில் இரண்டும் ஒன்றே. மூன்றாமவன் ஒருவன் அதைக் கேலியாக நடித்துக் காட்டினால் அதுவும் அப்படியேதான் பதிவாகும். ஆனால் நடந்தவை மூன்று வெவ்வேறு செயல்கள். மானுடவியலாளர் எழுத வேண்டியது இமை அசைந்ததை மட்டுமில்லை, அந்தச் செயல் என்ன என்பதை. இந்த எடுத்துக்காட்டைக் கீர்ட்ஸ் கடன் வாங்கியது யாரிடம்? கெல்னரின் நூலுக்கு மதிப்புரை மறுத்த அதே ரைலிடம். ஆக்ஸ்ஃபோர்டு அறையில் உட்கார்ந்து ஒருவர் யோசித்தது, பாலியின் சேவல் சண்டையை வாசிக்க இன்னொருவருக்குக் கைகொடுத்தது.

இரண்டு துறைகளையும் தனித்தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. இம்மானுவேல் கான்ட் 1772 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் என்ற பெயரிலேயே வகுப்பு நடத்தினார். 1798-ல் அது நூலானது. தத்துவத்தின் மற்ற கேள்விகள் எல்லாம் மனிதன் என்றால் என்ன என்ற கேள்வியில் வந்து சேர்கின்றன என்று சொன்னவரும் அவரே. ஆனால் தன் வட்டாரத்தை விட்டு வெளியே போகாதவர். துறைமுக நகரில் இருப்பதால் பயணம் செய்யாமலே உலகத்து மனிதரை அறியலாம் என்று அந்த நூலின் முன்னுரையில் எழுதினார். பயணிகளின் குறிப்புகளை நம்பி மக்களை இனம் பிரித்து, மேல் கீழ் என்று அடுக்கினார். ஆப்பிரிக்கர்களைப் பற்றி அவர் எழுதியவை படிக்கக் கூசுபவை. எல்லா மனிதருக்கும் பொதுவான கண்ணியத்தைப் பேசிய அதே பேனா. நைஜீரியத் தத்துவவாதி இமானுவேல் எசே 1990-களில் இதை விரிவாக எடுத்து வைத்த பிறகு, கான்ட்டைப் பழையபடி வாசிக்க முடிவதில்லை.

மறுபக்கத்துச் சான்று சென்னை எழும்பூரில் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ரங்காச்சாரி உடனிருந்து உழைத்தார். தகவல் கடல் அது. அதற்காக மனிதர்களை நிறுத்தித் தலையின் நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவி வைத்து அளந்தார்கள். இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, ஒரு மனிதரை அறிந்துகொண்டோம் என்று எப்போது சொல்லலாம், அளக்க நமக்கு யார் உரிமை தந்தது என்ற கேள்விகள் அந்தக் கருவிப் பெட்டியில் இல்லை. அவை தத்துவ வகுப்பில் கேட்கப்படும் கேள்விகள்.

நம் மண்ணில் நடந்தவை

இந்தச் சேர்க்கை மேற்கத்தியருக்கே உரியது என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கையில் பிறந்த தமிழர் வாலண்டைன் டேனியல் திருச்சிக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்ந்து, தமிழர் தம்மை ஒரு மனிதராக எப்படி உணர்கிறார்கள் என்று 1984-ல் நூல் எழுதினார். ஊர் மண்ணின் தன்மை அதில் விளையும் சோற்றிலும் நீரிலும் ஏறி ஆளுக்குள் இறங்குகிறது, எல்லா மண்ணும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்ற நம் எண்ணத்தை அவர் முழுக் கவனத்தோடு எடுத்துக்கொண்டார். அதை விளக்க அவருக்குத் துணை நின்றது அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் பர்ஸின் குறியியல். தனிமனிதர் என்பவர் தோலோடு முடிந்துவிடும் மூடிய பொருள் என்று தத்துவப் பாடநூல்கள் பலவும் கேள்வியின்றி எடுத்துக்கொள்வதை, தமிழ்க் கிராமம் ஒன்று அங்கே மறுத்து நிற்கிறது.

ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் பிரமலைக் கள்ளர் மக்களிடையே வாழ்ந்து 2009-ல் எழுதிய நூலும் இந்த வழியில் வந்ததுதான். குற்றப் பரம்பரை என்று ஆங்கிலேய அரசு முத்திரை குத்திய மக்கள், நல்ல வாழ்க்கை என்று எதைச் சொல்கிறார்கள், நிலத்தைப் பண்படுத்துவதும் மனத்தைப் பண்படுத்துவதும் அவர்கள் பேச்சில் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்று கேட்கிறது. அறவியலைப் படிக்க அரிஸ்டாட்டிலிடம் மட்டும் போக வேண்டியதில்லை என்பதை அங்கே பார்க்கலாம். வீணா தாஸ் பிரிவினையிலும் 1984-ன் சீக்கியர் மீதான வன்முறையிலும் சிதைந்த வாழ்க்கைகளைப் பற்றி எழுத விட்கன்ஸ்டைனிடம் போனார். வலியைப் பற்றி ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏற்பது என்றால் என்ன என்பது வகுப்பறைப் புதிராக இல்லாமல், டெல்லியின் தெருக்களில் அன்றாடம் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அவர் எழுத்தில் மாறுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைப்பது கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் சேர்ந்து 2012-ல் வெளியிட்ட நூலை. 2002-ல் குரு ஒரு கட்டுரையில், இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு சாராருக்கும் தகவல் திரட்டும் வேலை இன்னொரு சாராருக்கும் என்று ஒரு சாதிப் பிரிவினையே நடக்கிறது என்று குற்றம் சாட்டியிருந்தார். தலித் மாணவர் தன் அனுபவத்தைத் தரவாகக் கொடுக்கலாம், அதற்குக் கோட்பாடு செய்வது மற்றவர் வேலை என்ற நிலை. தத்துவவாதியான சருக்கை அதற்கு எதிர்வினையாக, அனுபவத்துக்கும் கோட்பாட்டுக்கும் உள்ள உறவையே அலசினார். நூல் முழுக்க இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள், ஒத்துப்போகாத இடங்களை மறைக்கவில்லை. தொடுதல் என்ற புலனைப் பற்றித் தத்துவம் சொல்வதிலிருந்து தொடங்கி, தீண்டாமை தொட மறுப்பவரிடத்தில் எப்படி வேர்கொண்டிருக்கிறது என்று சருக்கை எழுதும் பகுதியைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டு துறைகளைப் பிரித்தே வைத்திருப்பதில் குரு சொன்ன அந்தப் பிரிவினையின் சாயல் இருக்கிறது என்று நினைக்கிறேன். யோசிப்பவர்கள் ஒரு கட்டடத்தில், மலைக்கும் குப்பத்துக்கும் போய்வருபவர்கள் இன்னொரு கட்டடத்தில்.

படிப்பும் பிழைப்பும்

தமிழ்நாட்டில் இந்த இரண்டு பெயரையும் ஒருசேரக் கேட்கும் இடம் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் இரண்டும் உண்டு, பாடத்திட்டம் சிறியது என்ற பெயரும் இரண்டுக்கும் உண்டு. 2013-க்கு முன் இரண்டு விருப்பப் பாடங்கள் எடுக்க வேண்டியிருந்ததால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வழியிருந்தது. அந்த ஆண்டு முதல் ஒன்றே போதும் என்றானது. இப்படிக் குறிப்பேடு வைத்து மனப்பாடம் செய்வதை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. எத்தனையோ பேருக்குக் கீர்ட்ஸின் பெயரே அப்படித்தான் அறிமுகமானது. ஆனால் அந்தப் படிப்பில் களப்பணி இல்லை, எதிர்வாதம் செய்ய ஆளும் இல்லை.

இணைத்துப் படிக்கும் மாணவரின் நாள் வேறு மாதிரி. தத்துவ வகுப்பில் ஒரு பக்கத்தை இரண்டு மணி நேரம் வாசிப்பார்கள். ஒரு வாதத்தின் எந்தக் கண்ணி பலவீனமானது என்று தேடுவார்கள். கட்டுரை சிறியதாக, தேவையற்ற சொல் இல்லாமல் இருக்க வேண்டும். மானுடவியலில் நூல்கள் தடிமனானவை. மாப்பிள்ளை எந்தத் திசையில் உட்கார்ந்தார், யார் முதலில் சாப்பிட்டார்கள் என்ற விவரங்களை விட்டுவிட்டால் திட்டு விழும். ஒன்றில் பொதுமைப்படுத்தாவிட்டால் மதிப்பெண் குறையும், மற்றதில் அவசரப்பட்டுப் பொதுமைப்படுத்தினால் குறையும். முதல் ஆண்டில் இது தலையைச் சுற்றவைக்கும். அதைத் தாண்டுபவர், ஓர் ஆய்வறிக்கையையோ நீதிமன்றத் தீர்ப்பையோ நலத்திட்ட ஆவணத்தையோ பிரித்து இதில் 'மக்கள்' என்று சொல்வது எந்த மக்களை என்று கேட்கப் பழகியிருப்பார். ஆசிரியர், இதழியலாளர், வழக்கறிஞர், தொண்டு நிறுவன ஆய்வாளர், நிர்வாகி என்று போகலாம். பட்டம் வாங்கிய மறுநாள் வளாகத்துக்கே வந்து சம்பளம் தருகிறேன் என்று கூப்பிடுபவர்கள் குறைவு. அதை மறைத்து இந்தப் படிப்பைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு துறைகளும் இருக்கின்றன. புதிய கட்டடம் தேவையில்லை. இறுதியாண்டு மாணவர் ஒருவர், தன் குலதெய்வக் கோயிலில் சாமியாடுபவரைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாமி வந்து பேசும்போது பேசுவது யார்? நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அவராக்குகிறது என்ற ஜான் லாக்கின் வாதம் இங்கே என்ன ஆகும், ஆடி முடித்தவருக்குத் தான் சொன்னது எதுவும் நினைவில்லை என்றால்? அந்த வாக்கைக் கேட்டுப் பெண்ணுக்கு வரன் முடிவு செய்யும் குடும்பம் யாருடைய சொல்லை நம்புகிறது? ஊரில் யாருக்குச் சாமி வரலாம், யாருக்கு வந்தால் ஏற்கமாட்டார்கள்? செஞ்சி வட்டாரத்தில் ஆய்வு செய்த இசபெல் நபக்கோவ் 2000-ல் வெளியிட்ட நூலில், தமிழ்ச் சடங்குகள் ஒருவருடைய 'தான்' என்பதை எப்படிக் குலைத்து மாற்றுகின்றன என்று எழுதியிருக்கிறார். அங்கிருந்து தொடங்கலாம். இந்த ஆய்வேட்டைத் தத்துவத் துறை தனியே திருத்தினால் களவிவரம் பொய்யா மெய்யா என்று அதற்குத் தெரியாது. மானுடவியல் துறை தனியே திருத்தினால் லாக்கைத் தவறாகப் படித்திருப்பது தப்பிவிடும். இரு துறையிலிருந்தும் ஒவ்வொரு வழிகாட்டி வேண்டும். அதற்கு இரண்டு துறைத் தலைவர்களின் கையெழுத்தும், அடுத்த கல்வியாண்டின் கால அட்டவணையில் ஒரு பொது வகுப்பும் போதும்.